பின்பாதி போன பழைய ஃபோர்டு: டூரராகவே கட்டுவதா, பிக்கப் தொட்டி ஏற்றுவதா?

பொள்ளாச்சி தாண்டி கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று போகும் வழியில், தோட்டத்து ஷெட்டிலிருந்து வெளியே இழுக்கப்படும் டூரர், அதாவது முன்னும் பின்னும் சீட் உள்ள பழைய திறந்த கார், ஏறக்குறைய ஒரே கோலத்தில்தான் இருக்கும். பானெட் தேறும், டேஷ்போர்டு தேறும், முன் சீட் வரை தகரம் தாங்கும். அதற்குப் பின்னால் தேங்காய் மட்டை அடுக்கிவைத்துத் துருப்பிடித்த தகரமும் கறையான் அரித்த சட்டமும்தான் மிச்சம். சேசிஸ் மட்டும் கல்லுப் போல நிற்கும். அந்த நிலையில் பட்டறையில் நிற்கிற யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பேசாம பின்னாடி ஒரு தொட்டிய ஏத்தி பிக்கப் ஆக்கிருங்க."

யோசனை தவறில்லை. ஃபோர்டு கம்பெனியே 1925-ல் மாடல் டி ரன்அபவுட்டுக்கு (ஒரே வரிசை சீட் உள்ள திறந்த கார்) பின்னால் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அடுத்து வந்த மாடல் ஏ-யிலும் காரின் அதே 103½ அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம்) சேசிஸ்தான் பிக்கப்புக்கும். ஆகவே கார் சேசிஸ் மீது தொட்டி என்பது நாம் கண்டுபிடித்த ஒட்டுவேலை அல்ல. ஆனால் எந்தத் தொட்டி, எப்படிப் பிடிப்பது, அதற்காக எதை வெட்டுவது என்ற இடத்தில்தான் நல்ல வண்டிகள் கெடுகின்றன.

கையில் உள்ள வழிகள் ஐந்து: டூரரின் பின்பாதியைப் புதிதாகக் கட்டுவது, டிக்கி உள்ள ரோட்ஸ்டர் (இரண்டு சீட் திறந்த கார்), கூப்பே (இரண்டு சீட் மூடிய கார்) என்றால் அதற்குள் கழற்றிப் பூட்டும் பெட்டி வைப்பது, கம்பெனி அளவில் இங்கேயே தகரத் தொட்டி அடிப்பது, முழு மரத் தொட்டி, ஆக்கரில் (பழைய இரும்புக் கடையில்) கிடைக்கும் இன்றைய வண்டியின் தொட்டியை வெட்டிக் குறுக்குவது. வெளிநாட்டில் செய்த புதுத் தொட்டியை இறக்குமதி செய்வது ஆறாவது வழி. அது பணம் பற்றிய கேள்வி மட்டுமே என்பதால் அதிகம் பேசப்போவதில்லை: தொட்டி அளவாக இருக்கும், பொருந்தும், ஆனால் காற்றை அடைத்த பெரிய பெட்டிக்குக் கப்பல் கூலியும் அதன்மேல் சுங்கமும் கட்டுகிறோம். உள்ளூரில் தகரம் மடிக்கத் தெரிந்த ஆள் இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்பாசடர், ஃபியட் 1100 வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. பின்பாதியை வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும்.

தகரத்துக்கு முன் ஆர்.சி.

தொட்டியின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் பாடி வகை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், இதைக் கறாராகவே உறுதிசெய்தது.

இதோடு 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விண்டேஜ் வாகன விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அதற்குள் வரும். ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் 5,000 ரூபாய், ஐந்தைந்து ஆண்டு. இந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்குத்தான்.

இதன் பொருள் நேரடியானது. ஆர்.சி.யில் டூரர் என்றிருக்கும் வண்டியின் பாடியை இன்றைக்கு அறுத்து நிரந்தரமாகத் தொட்டி ஏற்றினால், 52-வது பிரிவிலும் மாட்டுகிறீர்கள், விண்டேஜ் பதிவுக்கான தகுதியையும் இழக்கிறீர்கள். மாறாக, ஆர்.சி.யிலேயே பிக்கப் அல்லது ட்ரக் என்றிருந்தால் தொட்டி போடுவதுதான் மூல வடிவம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: அந்தக் காலத்திலேயே வெட்டி, தோட்ட வேலைக்குத் தொட்டி ஏற்றிய வண்டி. பழைய போட்டோ, வரி ரசீது, பழைய இன்சூரன்ஸ் தாள் ஏதாவது இருந்தால் தேடி எடுத்துவைத்து, வேலை தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் "பரவால்ல, செய்யுங்க" எதற்கும் உதவாது. அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கல். பாலக்காட்டில் வாங்கிய கேரளப் பதிவு வண்டி பொள்ளாச்சி ஷெட்டில் நின்றால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்ற விதி வருகிறது. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வேண்டும். ரெஸ்டோரேஷன் இரண்டு வருடம் இழுக்கும். பாடி வேலை முடிந்த பிறகு என்.ஓ.சி.க்குப் போய், வண்டியும் புத்தகமும் வெவ்வேறாக இருப்பதைக் காட்டி நிற்பதைவிட, எஞ்சின் இறக்குவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.

டூரராகவே கட்டுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பின் கதவுகள் இரண்டும் இருந்து, பின் டப்பின் (பின் சீட்டைச் சுற்றிய பாடியின்) தகரம் பாதிக்கு மேல் தேறினால், தொட்டிப் பேச்சையே எடுக்காதீர்கள். கீழ்ச் சட்டம் முழு நீளத்துக்கும் ஓடுவதால், முன் சீட்டுக்குப் பின்னால் அறுத்த உடனே முன் கதவு வாய் திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் எட்டாது, இரண்டாம் நாள் டிங்கர் கதவை நெளித்துப் பொருத்துவார், அப்புறம் அந்தக் கதவு எந்தப் பாடிக்கும் பொருந்தாது. அறுத்தே தீர வேண்டிய நிலை என்றால், அறுப்பதற்கு முன்பே இரண்டு கதவுத் தூண்களுக்கும் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை போல்ட் போட்டுப் பூட்டி, சீட்டுக்குப் பின்னால் புதுக் குறுக்குச் சட்டம் ஏறும்வரை கழற்றாமல் வைக்க வேண்டும்.

பின்பாதி முற்றிலும் இல்லாத வண்டிக்கு டூரர் டப்பைச் சுழியத்திலிருந்து கட்டுவது கடினம். வளைவுத் தகரத்தை வீல் மெஷினில் உருட்ட வேண்டும், கதவு கீல், டாப் வளையம், பின் சீட் சட்டம் எல்லாம் புதிது. ஆனால் ஆர்.சி.யில் டூரர் என்றிருந்தால், செலவானாலும் இதுவே ஒரே நிரந்தர வழி.

டிக்கிக்குள் பெட்டி

செவர்லே கம்பெனி 1936 முதல் சில வருடம் கூப்பே காரின் டிக்கியில் தொட்டியைச் செருகி விற்றது. டிக்கி சீட் (டிக்கி மூடியைத் திறந்தால் வரும் வெளி சீட்) உள்ள ரோட்ஸ்டர், கூப்பே வைத்திருப்பவருக்கு இது நல்ல முன்மாதிரி. மூடியையும் சீட்டையும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, டிக்கி வாய்க்குள் நுழையும் அகலத்தில் பெட்டி செய்து நான்கு போல்ட்டில் பூட்டுகிறோம். புதுத் துளை ஒன்றுகூடப் போடாமல், சீட்டும் கீலும் இருந்த துளைகளையே பயன்படுத்த முடியும் என்பதுதான் இதன் பலம். கழற்றினால் வண்டி பழையபடி.

கெடுவது இரண்டு இடத்தில். பெட்டியின் பாரம் டிக்கித் தரைத் தகரத்தில் இறங்கினால் அது குழிந்து, ஓரத்து ஸ்பாட் வெல்டு பிடுங்கிக்கொள்ளும். பாரம் தரையைத் தாண்டி சேசிஸில் இறங்க வேண்டும்: தரையில் பாடி போல்ட் வரும் இடங்களுக்கு நேர்மேலே இரண்டு மரக் கட்டைகள் நீளவாக்கில் போட்டு, பெட்டி அவற்றின் மேல் உட்காரட்டும். அடுத்தது மழை. மூடி போன டிக்கி வாயைச் சுற்றி ரப்பர் பீடிங் வைத்து, தரையின் தாழ்ந்த இரு மூலையிலும் 10 மி.மீ. வடிகால் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வடிகால் அடைத்த டிக்கி ஒரே ஆடி மழையில் ஊறிப்போகும். சாமான் 60, 70 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

தகரத் தொட்டியை இங்கேயே அடிப்பது

பின்பாதி இல்லாத வண்டி, காகிதம் இடம் கொடுக்கிறது என்றால், எங்கள் தேர்வு இதுதான். மாடல் டி தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 56 அங்குல நீளம், 40½ அங்குல அகலம், 13 அங்குல உயரம். அதாவது 1420, 1030, 330 மி.மீ.

எட்டுக்கு நான்கு அடி சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) ஒன்றே போதும், அதை வெட்டும் முறை தெரிந்தால். 1.2 மி.மீ. கனம் எடுங்கள். ஷீட்டை நீளவாக்கில் மூன்று பட்டையாக, ஒவ்வொன்றும் 400 மி.மீ. வருமாறு அறுக்கவும். 330 பக்கத்துக்கு, மேல் மடிப்புக்கு 35, கீழ் மடிப்புக்கு 35. முதல் இரண்டு பட்டையில் பக்கத் தகடு ஒவ்வொன்று. மூன்றாவதில் முன் தகடும் பின் கதவும் 1030 வீதம் அடுத்தடுத்து வந்து கொஞ்சம் மிஞ்சும். முதல் பட்டையிலேயே பக்கமும் பின் கதவும் சேர்ந்து வந்துவிடும் போலத் தோன்றும். 1420-உம் 1030-உம் 2450, ஷீட்டோ 2440. அந்த ஒரு சென்டிமீட்டரில் பலர் இன்னொரு ஷீட் வாங்குகிறார்கள். முதலிரண்டு பட்டையில் மிஞ்சும் ஒரு மீட்டர் துண்டுகள் கம்பு செருகும் பாக்கெட்டுகளுக்கு ஆகும்.

கனத்தைக் கூட்டச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். 1.2 மி.மீ. தகரம் சதுர மீட்டருக்கு 9.4 கிலோ, நம் நான்கு தகடும் சேர்ந்து 18½ கிலோ. 2 மி.மீ. போட்டால் அதுவே 31 கிலோ ஆகும். பலம் அந்த அளவுக்கு அதிகமாகிவிடாது. பக்கத் தகட்டின் விறைப்பு கனத்தில் இல்லை, மேல் மடிப்பில் இருக்கிறது. 35 மி.மீ.யை வெளிப்பக்கம் மடித்து, ஓரத்தில் 6 மி.மீ. கம்பியைச் சுருட்டி அடித்துவிட்டால், ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தாலும் நெளியாது.

தரைக்குக் கீழே நான்கு குறுக்குச் சட்டம். வெல்டர் பழக்கத்தில் மூன்றங்குல சேனலை எடுப்பார். அது மீட்டருக்கு ஏழு கிலோ அளவில் வரும். நான்கும் சேர்ந்து 28 கிலோவைத் தாண்டும். 2 மி.மீ. தகரத்தை அடிப்பக்கம் 50 மி.மீ., இரு கால்களும் 40 மி.மீ. என்று யூ வடிவில் மடித்தால் மீட்டருக்கு இரண்டு கிலோ. நான்கும் எட்டரைக்குள் முடியும். மொத்தக் கணக்கு: தகடு 18½, சட்டம் 8½, மரத்தரை 18, இரும்புப் பட்டை 5, கீல், செயின், போல்ட் 4. ஆக 54 கிலோ. நாலு பேர் கைத்தாங்கலாக எடுத்து வைத்துவிடலாம்.

மூலைகளை நீளமாக வெல்டு போடாதீர்கள். மெல்லிய தகரம் சூட்டில் இழுத்து, பக்கம் அலையடிக்கும். அப்புறம் பட்டி பூசித்தான் மறைக்க வேண்டும். 25 மி.மீ. போட்டு 100 விட்டு, ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போகவும். முடிந்தால் வெல்டே வேண்டாம், 6 மி.மீ. ரிவெட் அந்தக் காலத்துக்கும் பொருந்தும். எது செய்தாலும், பூட்டுமுன் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் கதவு ஒரு பக்கம் இடிக்கும். ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள்: வெல்டு போடும்போது துத்தநாகப் புகை நெஞ்சுக்குக் கெடுதல், மேலே பெயிண்டும் சரியாகப் பிடிக்காது.

தரைக்கு மரம்தான். இரும்புத் தரையின் எடையும் ஏறக்குறைய அதேதான், ஆனால் சத்தமும் துருவும் கூடுதல். ஏழு பலகை, ஒவ்வொன்றும் 140 மி.மீ. அகலம், 19 மி.மீ. கனம். நடுவில் ஆறு இடைவெளி, ஏழு மி.மீ. வீதம். 980-உம் 42-உம் சேர்ந்து 1022. இரு ஓரத்திலும் நான்கு மி.மீ. காற்று. மரமில்லில் ஐந்தடி நீளம், ஆறங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் என்று எட்டுப் பலகை கேளுங்கள், 1.67 கன அடி வரும். ஒன்று வெடிப்புக்காகக் கூடுதல். இடைவெளிக்கு மேல் 25-க்கு 3 மி.மீ. பட்டை இரும்பு ஆறு; ஒவ்வொன்றுக்கும் சட்டம் ஒன்றுக்கு ஒரு போல்ட் வீதம் 24. எம்6 கேரியேஜ் போல்ட் (உருண்டைத் தலை போல்ட்) அந்த ஏழு மி.மீ. இடைவெளி வழியாகவே கீழே இறங்கும். பலகையில் துளையே போட வேண்டாம். அதனால் பலகை தன் இஷ்டத்துக்கு ஊதவும் சுருங்கவும் முடிகிறது.

பலகைக்கு அந்த இடம் விடுவதுதான் இந்தப் பகுதியில் முக்கியம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வறண்ட காற்று. மாசி, பங்குனியில் மரம் முறுகும். அதே வண்டி ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே போனால் தென்மேற்குப் பருவமழை. 140 மி.மீ. பலகை ஒன்றரை, இரண்டு மி.மீ. வரை மாறும். ஒட்டி ஒட்டி அடித்த தரை மழையில் ஊதி, பக்கத் தகட்டையே வெளியே தள்ளும்.

எந்த மரம்

தேக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், விலைதான் இடிக்கும். அயினி, பாலக்காட்டுக் கடைகளில் ஆஞ்ஞிலி, கேரளத்தில் வள்ளம் கட்டும் மரம். ஈரத்தைத் தாங்கும், தேக்கைவிடக் கொஞ்சம் லேசு. தரைக்கு நாங்கள் அதையே சொல்வோம். வேங்கை நல்ல உறுதி, ஆனால் நனைந்தால் செம்பழுப்புச் சாறு வடியும். புதுக் கறுப்புப் பெயிண்டின் மேல் அந்த ஒழுக்கு தெரியும். மருது கனம் அதிகம், உலரும்போது பிளக்கும். எதுவானாலும் மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈர மீட்டர் இல்லாத மரக்கடை என்றால், பலகைகளை நடுவில் ரீப்பர் வைத்து அடுக்கி, ஷெட்டில் இரண்டு மாதம் விட்டுவிட்டு இழைக்கவும்.

கீழ்ப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். கேரளத்து வள்ளங்களுக்குப் பூசுவதுதான். கை பட்டால் கொப்புளிக்கும், கையுறை கட்டாயம். மேல்பக்கம் அதைப் பூசினால் கறுத்துவிடும். அங்கே ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் இரண்டுக்கு ஒன்று. தேக்கோ வேங்கையோ, வெறும் இரும்பு போல்ட் பட்ட இடம் கறுக்கும். துத்தநாகம் பூசிய போல்ட் வாங்குங்கள்.

முழு மரத் தொட்டி

ஆசாரிக்கு இது சுலபம், பார்க்கவும் லட்சணம். தோட்ட வண்டிக்கு இயல்பான தோற்றமும்கூட. 20 மி.மீ. பலகையில் பக்கங்கள், 75-க்கு 50 குறுக்குச் சட்டம், மூலைக்கு இரும்புப் பட்டை எல்லாம் சேர்ந்து 65, 70 கிலோ வரும். தகரத்தைவிடப் பத்துப் பதினைந்து கிலோ அதிகம், அவ்வளவுதான். கம்பெனி தொட்டியின் தோற்றம் வராது என்பதால், பிக்கப்பாகவே பிறந்த வண்டிக்கு இது பொருந்தாது. காலத்திலேயே உள்ளூரில் மாற்றிய வண்டிக்கு இதுதான் பொருத்தம். பலகைக்குள் கம்பு இணைப்பு வெட்டாமல் கேரியேஜ் போல்ட்டிலேயே பூட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கதவின் இணைப்பு அசையாத இடத்துக்குச் செய்தது. சேசிஸ் முறுக்கும் இடத்தில் அது கழன்று கிறீச்சிடும்.

குட்டி யானைத் தொட்டி

கோவை உக்கடத்து ஆக்கர் கடைகளில் டாட்டா ஏஸ் தொட்டி கிடைத்தால் விலை ஆசை காட்டும். அதன் தரை 2200-க்கு 1490 மி.மீ. மாடல் டி அளவுக்குக் கொண்டுவர நீளத்தில் 78 சென்டிமீட்டர், அகலத்தில் 46 சென்டிமீட்டர் போக வேண்டும். அகலத்தில் வெட்டினால் நடுவில் நீளமான வெல்டு. அடியில் உள்ள சட்டங்கள் ஏஸ் சேசிஸின் அகலத்துக்குச் செய்தவை, ஒன்றும் உட்காராது. வெட்டாமல் அப்படியே ஏற்றினால் மட்கார்டு போய்விடும். கடைசியில் தகரக்காரருக்குக் கொடுக்கும் கூலி புதுத் தொட்டிக்குக் கொடுப்பதைவிடக் குறையாது. இதற்கு ஆதரவாகச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

சேசிஸில் உட்கார வைப்பது

தொட்டி எதுவானாலும், கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சி-சேனல் சேசிஸில் வளையும் பாரம் முழுக்க மேல், கீழ் விளிம்புகளில் ஓடுகிறது. அந்த விளிம்பில் துளை போட்டாலோ, குறுக்கே வெல்டு இழுத்தாலோ, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இருக்கிற பாடி பிராக்கெட்டையும் பழைய துளைகளையும் முதலில் பயன்படுத்துங்கள். அவை எட்டாத இடத்தில் 10 மி.மீ. யூ போல்ட். யூ போல்ட் இறுக்கும்போது விளிம்புகள் ஒன்றை ஒன்று நோக்கி நசுங்கும். ஆகவே சேனலுக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு மரக் கட்டையை, வேங்கையோ மருதோ, இழைத்துச் செருகிவிட்டுப் பிறகு இறுக்கவும். இங்கே மட்டும் மருதின் கடினம் உதவும்.

நான்கு இடத்தில் பிடித்தால் போதும். முன் ஜோடி உறுதியாக. பின் ஜோடி ஸ்பிரிங் வைத்து: நீளமான 10 மி.மீ. போல்ட், கீழே ஒரு அமுங்கு ஸ்பிரிங், பாதி அமுங்கும் வரை இறுக்கி, காசில் நட்டுக்குக் காட்டர் பின். ஃபோர்டு சேசிஸ் முறுக்கிக்கொடுப்பதற்காகவே செய்தது. ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது பின் மூலை ஓரிரு சென்டிமீட்டர் போய்வரும். எட்டு போல்ட் போட்டு அசையாமல் பூட்டினால் முதலில் தொட்டியின் முன் மூலை கிழியும், பிறகு சேசிஸ் ரிவெட் தளரும். அதே காரணத்தால் சீட்டுப் பின்தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே 20, 25 மி.மீ. இடைவெளி வேண்டும், அழகுக்காக ஒட்டி வைத்தால் ஆழியார் போய் வருவதற்குள் பெயிண்ட் உரிந்துவிடும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே கேன்வாஸ் கன்வேயர் பெல்ட் துண்டு வையுங்கள். டயர் துண்டு வேண்டாம். வளைவுக்குள் தண்ணீர் நின்று துரு பிடிக்கும்.

பூட்டுவதற்கு முன் ஒரு சோதனை. தொட்டியின் அளவில் 6 மி.மீ. பிளைவுட் தரை ஒன்றை வெட்டிச் சேசிஸில் வைத்து, வண்டியைச் சக்கரத்திலேயே நிற்க வைத்து, பின்னால் நான்கு சிமெண்ட் மூட்டை ஏற்றுங்கள். டிஃபரன்ஷியல் முட்டைக்கும் (பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள உருண்டைக்கும்) பிளைவுட்டுக்கும் நடுவே இன்னும் மூன்று, நான்கு அங்குலம் இருக்கிறதா? குறுக்கு ஸ்பிரிங்கின் மேல் வளைவு எங்கே தொடுகிறது? மாடல் ஏ என்றால் பிரேக் ராடு நான்கும் முழு வீச்சுக்குப் போய்வருகிறதா என்று மிதித்துப் பாருங்கள். புகைக் குழாய் மரத் தரையிலிருந்து மூன்று அங்குலத்துக்கும் கிட்டே வந்தால் நடுவில் தகரத் தடுப்பு. பெட்ரோல் டேங்க் மாடல் ஏ-யில் விண்ட்ஷீல்டுக்கு முன்னாலேயே இருப்பதால் பின்னால் தொந்தரவில்லை. டேங்க் பின்னால் தொங்கும் மற்ற கம்பெனி வண்டிகளில், மூடி திறக்க வழி, குழாய் மேல் பாரம் விழாத இடம், இரண்டையும் முதலில் குறித்துக்கொண்டு பிறகு தொட்டி நீளத்தை முடிவு செய்யவும்.

ஸ்டெப்னி பின்னால் மாட்டியிருந்த வண்டி என்றால் அதற்குப் புது இடம் வேண்டும். முன் மட்கார்டு ஓரமோ, தொட்டிக்குள்ளேயோ. பின் லைட், நம்பர் பிளேட் பிராக்கெட்டுகளைப் பின் கதவில் மாட்டாதீர்கள். கதவைத் திறந்து தொங்கவிட்டால் நம்பர் தரையைப் பார்க்கும்.

எவ்வளவு ஏற்றலாம்

டூரரின் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த பாரம் எவ்வளவோ, அவ்வளவுதான் உச்சம். 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வைக்க வேண்டும். மாடல் டி-யின் வீல்பேஸ் 100 அங்குலம், 254 சென்டிமீட்டர். ஆக்ஸிலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் ஆக்ஸிலில் 112 கிலோ இறங்கும், முன்னால் 12 கிலோ எழும்பும். ஸ்டீரிங் லேசாகிவிட்டது என்று சந்தோஷப்படுவது இதனால்தான். வளைவில் அது சந்தோஷம் அல்ல.

வால்பாறையின் 40 கொண்டை ஊசிக்குச் சுமையோடு மாடல் டி-யைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கால் பிரேக் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. ஆக்ஸில் ஷாஃப்டோ அதற்கு முன்னால் எதுவோ முறிந்தால் கால் பிரேக்கும் கூடவே போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். பெட்ரோலும் பம்ப் இல்லாமல், டேங்கிலிருந்து தானாக வழிந்தே எஞ்சினுக்குப் போகிறது. சீட்டுக்கு அடியில் டேங்க் உள்ள வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது, டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் கார்புரேட்டருக்கு எட்டாது. பின்னால் சுமை ஏற்றி வாலைத் தாழ்த்தினால் இன்னும் மோசம். மாடல் ஏ-க்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. அதன் டேங்க் உயரத்தில் இருக்கிறது.

சுமை இல்லாதபோது நேர்மாறான தொல்லை. டூரர் டப்பும் சீட்டும் போனபின் பின்பக்கம் லேசாகி வால் தூக்கி நிற்கும், காலி வண்டி குதிக்கும். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றினால் சரியாகும். கழற்றிய பட்டையில் எத்தனையாவது, எந்தப் பக்கம் முன் என்று பெயிண்டால் எழுதி, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள். மீண்டும் டூரராக்கும் நாளில் அது வேறு எங்கும் கிடைக்காது.

புதுத் தொட்டி முதல் 50 கிலோமீட்டரில் உட்காரும். யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள், பிறகு 300-ல் ஒருமுறை. அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து மரம் உலர்ந்த தை மாதத்தில். ஊதியிருக்கும்போது இறுக்கிய கட்டை உலர்ந்ததும் தளர்ந்திருக்கும். அப்போதே நடுப் பலகையின் இரு பக்கத்துப் பட்டைகளையும் எட்டு போல்ட்டில் கழற்றி, கீழே உள்ள கிரீஸ் கப்புகளையும் குறுக்கு ஸ்பிரிங்கின் யூ போல்ட்டையும் பார்த்துவிடலாம்.